ஓதம் இறங்கினால் சாலை



கார் ஓட்டிக்கொண்டு போகும்போது எதிரே விமானம் இறங்கினால், ஒதுங்கி நின்று அதற்கு வழிவிட வேண்டும். கேட்க வேடிக்கையாக இருந்தாலும், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரு சாலையில் இது நடைமுறை விதி. அந்தச் சாலையில் தார் கிடையாது, ஜல்லி கிடையாது. ஒரு பக்கம் பசிபிக் பெருங்கடல், மறு பக்கம் மணற்குன்றுகள், நடுவில் அலை நனைத்து இறுக்கிவிட்டுப் போன ஈரமணல். 75 மைல் கடற்கரை என்று பெயர். மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வேக வரம்பு உண்டு. போலீஸார் ரேடார் கருவியோடு சோதனைக்கு வருவார்கள். குடித்துவிட்டு ஓட்டினால் ஊருக்குள் என்ன வழக்கோ அதே வழக்கு இங்கேயும். கடல் மட்டும் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாமல், நாளுக்கு இரண்டு முறை ஓதமாக ஏறி வந்து சாலையை விழுங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்.

இந்தச் சாலை இருக்கும் தீவின் பெயர் கர்ரி. அண்மைக்காலம் வரை ஃபிரேசர் தீவு என்றே உலகம் அழைத்தது. 1836இல் ஸ்டர்லிங் காஸில் என்ற கப்பல் உடைந்து, தப்பியவர்களில் ஒருவராக இங்கே கரையேறியவர் எலைசா ஃபிரேசர், கப்பல் தலைவரின் மனைவி. ஊர் திரும்பியதும் அவர் சொன்ன கதைகள், தீவின் பூர்வகுடிகளான புட்சுல்லா மக்களைக் கொடியவர்களாகச் சித்திரித்தன. அந்தக் கதைகள் பரவப் பரவ அவர்கள் தங்கள் மண்ணிலேயே துரத்தப்பட்டார்கள். 2014இல் நீதிமன்றம் அவர்களுடைய பூர்வகுடி நில உரிமையை ஏற்றது. 2023 ஜூன் மாதம் தீவின் பழைய பெயரும் அரசு ஆவணங்களில் திரும்ப வந்தது. பயணச் சீட்டிலும் வழிகாட்டிப் புத்தகங்களிலும் இரண்டு பெயரும் இன்னும் கலந்து கிடக்கின்றன. பதிவு செய்யும்போது இரண்டு தீவு என்று மயங்க வேண்டாம்.

நீளம் 120 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏறக்குறைய அவ்வளவும் மணல். உலகத்திலேயே மிகப் பெரிய மணல்தீவு இதுதான். தெற்கே நியூ சவுத் வேல்ஸ் பக்கத்து மலைகள் தேய்ந்து, ஆறுகள் அந்தத் துகளைக் கடலில் சேர்த்து, கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே வந்து, பல லட்சம் ஆண்டுகளாகக் குவித்த குவியல் இது. கிழக்குக் கரையில் இந்தியன் ஹெட் என்ற முனையில் பழைய எரிமலைப் பாறை தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓடி வரும் மணலைப் பிடித்து நிறுத்தியதில் அதற்கும் பங்குண்டு. 2022இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போனது. இந்தத் தீவு மணலைத் தடுத்து ஆழ்கடல் பக்கம் திருப்பியிராவிட்டால், வடக்கே புகழ்பெற்ற பெரும் பவளத்திட்டின் தென்பகுதியும் நடுப்பகுதியும் உருவாகியே இருக்காது என்பது அதன் முடிவு. மணல் மூடினால் பவளம் வளராதல்லவா?

மணல் என்றதும் பாலைவனத்தை நினைப்பவர்களுக்கு இந்தத் தீவு ஓர் அதிர்ச்சி வைத்திருக்கிறது. உள்ளே நுழைந்தால் மழைக்காடு. 200 மீட்டருக்கு மேல் உயர்ந்த மணற்குன்றுகளின் மீது ஓங்கிய மழைக்காடு வளர்வது உலகில் இங்கேதான். உதிரும் இலையையும் மழை கொண்டுவரும் சொற்பச் சத்தையும் வைத்தே அந்த மரங்கள் பிழைக்கின்றன. அதைவிட ஆச்சரியம் ஏரிகள். கடல்மட்டத்துக்கு வெகு உயரத்தில், குன்றுகளின் மடியில் நன்னீர் தேங்கி நிற்கிறது. மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்குமா? இங்கே நிற்கும். காலங்காலமாக விழுந்த இலைதழை மக்கி, மணலோடு இறுகி, நீர் கசியாத ஒரு தளமாகப் படிந்துவிட்டது. இப்படித் தொங்கி நிற்கும் மணற்குன்று ஏரிகளில் உலகிலுள்ளவற்றில் பாதி இந்த ஒரே தீவில் இருப்பதாக யுனெஸ்கோ சொல்கிறது. 1992இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் தீவைச் சேர்த்ததற்கு அந்த ஏரிகளும் ஒரு காரணம்.

சரி, போவது எப்படி?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஆஸ்திரேலிய விசாவை முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் பிரிஸ்பேன் போகலாம். அங்கிருந்து வடக்கே மூன்று, மூன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று ரெயின்போ பீச். அதன் பக்கத்தில் இன்ஸ்கிப் பாயின்ட் என்ற மணல்முனையிலிருந்து, காரை ஏற்றிச் செல்லும் தட்டைப்படகு சுமார் பத்து நிமிடத்தில் தீவின் தென்கோடியில் இறக்கிவிடும். மற்றொன்று ஹார்வி பே. அதையடுத்த ரிவர் ஹெட்ஸ் துறையிலிருந்து தீவின் மேற்குக் கரைக்குப் படகு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் எடுக்கும். பாலம் கிடையாது.

பெரும்பாலோர் தவறு செய்வது இதற்கு அடுத்த கட்டத்தில். முதலில் விடுதியைத் தேடுகிறார்கள், பிறகு காரை, கடைசியாகக் கடலை. கர்ரிக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். ஓத அட்டவணைதான் முதல் பக்கம். உயர் ஓதத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கடற்கரையில் வண்டி ஓட்டாதீர்கள் என்பது குவீன்ஸ்லாந்து பூங்காத் துறையின் அறிவுரை. காலை 8 மணிக்கு உயர் ஓதம் என்றால் 6 முதல் 10 வரை சாலை இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மறுநாள் அதே ஓதம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் இன்னும் மேலேறும். நம் கடற்கரை ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் பாலபாடம். மற்றவர்கள் அட்டவணையை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் தீவின் பல இடங்களில் கைபேசிக்கு அலை கிடைக்காது. படகு நேரம், விடுதிக்குள் நுழையும் நேரம், ஏரிக்குப் போகும் நேரம் எல்லாம் இந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் முடிவாக வேண்டும்.

வண்டி நான்கு சக்கரமும் இழுக்கும் ரகமாக இருக்க வேண்டும். சாதாரணக் காருக்கு இங்கே இடமில்லை. நகரத்து எஸ்யூவி என்ற பெயரில் தரையோடு தாழ்ந்து வரும் வண்டிகளும் உள்வழிகளில் அடி தட்டி நின்றுவிடும். வாகன அனுமதியைக் குவீன்ஸ்லாந்து பூங்காத் துறையிடம் கிளம்புமுன்பே இணையத்தில் வாங்க வேண்டும். கூடாரம் போடுவதானால் அதற்குத் தனி அனுமதி. மணலில் இறங்குமுன் டயர்க் காற்றைச் சாலையில் இருப்பதில் பாதியளவுக்குக் குறைப்பார்கள். டயர் பரந்து மணல்மேல் மிதந்து போகும். காட்டுக்குள் போகும் ஒற்றைத்தடங்களில் வேகம் 30ஐத் தாண்டக்கூடாது, சில இடங்களில் அந்த 30ஐ எட்டுவதே பெரும்பாடு. கடற்கரையில் வேறொரு ஆபத்து உண்டு. காட்டிலிருந்து ஓடிவரும் ஓடைகள் கடலைச் சேரும் இடத்தில் மணலை அரித்து, செங்குத்தான விளிம்போடு வாய்க்கால் வெட்டி வைத்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சமதரை போலத் தெரியும். 80இல் வந்து அதில் விழுந்து கவிழ்ந்த வண்டிகள் உண்டு.

குவீன்ஸ்லாந்தில் வண்டி இடப்பக்கம்தான் ஓடும், நம் ஊர் போலவே. அந்த ஒரு ஒற்றுமையை நம்பி, இங்கே சிட்டிக்குள் ஓட்டிப் பழகியவர் அங்கே மணலில் இறங்கிவிட முடியாது. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் மணலில் ஓட்டவே தடை இருக்கும். தடை இல்லாதவற்றிலும் உப்புநீர் பட்ட சேதத்தைக் காப்பீடு ஏற்காது. பிரிஸ்பேனிலோ சிட்னியிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய், அப்படியே ஒரு நடை தீவையும் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கும் பெற்றோருக்குச் சிறந்த வழி, நான்கு சக்கர இழுவை கொண்ட பெரிய சுற்றுலாப் பேருந்து. ஹார்வி பேயிலிருந்தும் ரெயின்போ பீச்சிலிருந்தும் அவை கிளம்புகின்றன. அந்த ஓட்டுநர்களுக்கு ஓதமும் மணலும் அன்றாட வேலை. உடம்பு சற்றுக் குலுங்கும், அவ்வளவுதான். ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்றாலும் இரண்டு இரவு தங்கினால்தான் தீவு பிடிபடும். மேற்குக் கரையில் கிங்ஃபிஷர் பே விடுதி, கிழக்குக் கரையில் யூரோங் விடுதி, அவை தவிர வாடகை வீடுகள், கூடாரத் திடல்கள் என்று தங்க இடங்கள் உண்டு. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் அரிசி, பருப்பு, ஊறுகாயைப் பிரிஸ்பேனிலேயே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். தீவுக் கடைகளில் சரக்குக் குறைவு, விலை கூடுதல்.

அந்த ஊறுகாய்ப் பாட்டிலையும் பூட்டித்தான் வைக்க வேண்டும். காரணம் டிங்கோ.

பார்ப்பதற்கு நம் தெருநாயின் மெலிந்த தம்பி போல இருக்கும் இந்தக் காட்டுநாயைப் புட்சுல்லா மக்கள் வொங்காரி என்பார்கள். தீவுக்கு வளர்ப்பு நாயைக் கொண்டுவரத் தடை இருப்பதால், கலப்பு மிகக் குறைந்த டிங்கோக்கள் இங்கே வாழ்கின்றன. கூட்டம் சிறியது, 200க்குள் இருக்கலாம் என்பது மதிப்பீடு. படமெடுக்க ஆசைப்பட்டு ரொட்டித்துண்டு வீசுபவர்களால்தான் எல்லா வினையும். மனிதன் கையில் தின்று பழகிய டிங்கோவுக்கு அச்சம் போய்விடும், பிறகு அதிகாரம் செய்ய ஆரம்பிக்கும். 2001இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இங்கே டிங்கோ தாக்கி இறந்தான். அதையடுத்து முப்பது டிங்கோ அளவில் கொல்லப்பட்டன. சாப்பாடு போட்டதற்கான விலையை இரண்டு பக்கமும் கொடுத்தார்கள். இப்போது உணவளித்தால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம். குழந்தைகளைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருக்க வேண்டும், கூட்டமாக நடக்க வேண்டும், கையில் ஒரு கம்பு இருக்க வேண்டும். எதிரே வந்தால் ஓடக்கூடாது. முகத்தைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்க வேண்டும்.

குளிப்பதற்கு 75 மைல் கடற்கரை ஏற்றதல்ல. இழுப்பு வலுவாக இருக்கும், சுறாக்கள் உண்டு, உயிர்காப்பாளர் யாரும் கிடையாது. 120 கிலோமீட்டர் தீவில் கடலில் இறங்க முடியாதா என்று சலித்துக்கொள்பவர்களுக்கு, இந்தியன் ஹெட்டுக்கு வடக்கே ஷாம்பேன் பூல்ஸ் இருக்கிறது. பாறைகள் அணைகட்டிய குளங்களுக்குள் அலை நுரைத்து வந்து விழும். ஈலை கிரீக் ஓடையில் மணிக்குச் சுமார் 40 லட்சம் லிட்டர் நன்னீர் கடலை நோக்கி ஓடுகிறது. அதில் மிதவையைப் போட்டு மல்லாந்து படுத்தால் நீரே தள்ளிக்கொண்டு போகும், பெரியவர்களும் குழந்தையாகிவிடும் இடம் அது. பூரங்கூரா ஏரியை, அதாவது மெக்கன்சி ஏரியை, யாரும் தவறவிட மாட்டார்கள். கரை வெள்ளை வெளேரென்று தூய சிலிக்கா மணல், நீர் கரையோரம் பளிங்கு, உள்ளே போகப்போக நீலம். சத்து மிகக் குறைந்த அந்த நீரில் சேர்வது எதுவும் சீக்கிரம் வெளியேற வழியில்லை. ஆகவே வெயில் கிரீமும் சோப்பும் பூசிக்கொண்டு இறங்க வேண்டாம். வாபி ஏரியில் வேறொரு எச்சரிக்கை: பக்கத்து மணல்மேட்டின் சரிவில் ஓடிவந்து நீரில் பாய்ந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டவர்கள் உண்டு.

ஈலை கிரீக்குக்குச் சற்று வடக்கே, அலைக்கு நடுவில் துருப்பிடித்த எலும்புக்கூடு ஒன்று தெரியும். மஹேனோ. 1905இல் ஸ்காட்லாந்தில் கட்டிய பயணிகள் கப்பல். முதல் உலகப்போரில் நியூசிலாந்துக்காக மருத்துவமனைக் கப்பலாக ஓடியது. 1935இல் பழைய இரும்பு விலைக்கு ஜப்பானுக்கு விற்று, இன்னொரு கப்பலில் கட்டி இழுத்துப் போகும்போது புயலில் வடம் அறுந்து இங்கே ஒதுங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானப்படையினர் அதன்மேல் குண்டு போட்டுப் பழகினார்கள். இன்று அதன்மேல் ஏறத் தடை.

இந்தத் தீவு சுற்றுலாவுக்கென்று தானாக மிஞ்சிவிடவில்லை. நூறாண்டுக்கு மேல் இங்கே மரம் வெட்டினார்கள். நீரில் எளிதில் உளுக்காத சாட்டினே மரம் சூயஸ் கால்வாய் வேலை வரை போனது. வெட்டு நின்றது 1991இல்தான். அதற்கு முன்பே மணலுக்குக் குறி வைத்திருந்தார்கள். ரூட்டைல், சிர்கான், இல்மனைட் என்று மணவாளக்குறிச்சி மணலில் நாம் எடுக்கும் அதே கனிமங்கள் அங்கேயும் உண்டு. ஜான் சின்க்ளேர் என்பவர் தொடங்கிய அமைப்பு ஆண்டுக்கணக்கில் போராடி, 1976இல் ஆஸ்திரேலிய மத்திய அரசு அந்தக் கனிமங்களின் ஏற்றுமதியை நிறுத்த, சுரங்கம் மூடப்பட்டது. 2020இல் விதிமீறி மூட்டிய ஒரு கூடார நெருப்பு சரியாக அணையாமல் பரவி, வாரக்கணக்கில் எரிந்து, தீவின் பாதியைக் கருக்கியது. நெருப்பு விதிகளில் அங்கே சலுகை எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த மாதம்? டிசம்பர் முதல் மார்ச் வரை வெக்கை, மழை, புயல் அபாயம். ஈஸ்டர், கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் கடற்கரைச் சாலையே வண்டிச்சந்தையாகிவிடும். ஜூலை பிற்பாதியிலிருந்து அக்டோபர் வரை வெயில் இதம், மழை குறைவு. ஏரி நீர் மட்டும் பல்லைக் கிட்டவைக்கும். அந்த மாதங்களில் கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் அண்டார்டிகா திரும்பும் வழியில் குட்டிகளோடு ஹார்வி பேயில் நின்று இளைப்பாறும். படகில் போய்ப் பார்க்கலாம், அதற்கு ஒரு நாளைத் தனியாக ஒதுக்க வேண்டும். படகுச் சீட்டைத் தீவுக்குப் போகும் முன்னால் வாங்கிவிட்டு, பயணத்தைத் திரும்பும் நாளுக்கு மறுநாள் வைத்துக்கொள்வது வசதி. தீவிலிருந்து கிளம்பும் நேரத்தை ஓதம் கொஞ்சம் முன்னே பின்னே இழுத்தாலும் சீட்டு வீணாகாது. சொந்தமாக வண்டி ஓட்டிப் போனவர்களுக்குக் கரையேறியதும் இரண்டு வேலை பாக்கி: டயரில் காற்றை நிரப்ப வேண்டும், வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவ வேண்டும்.