பத்தொன்பதாவது நிமிடம்



இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, உங்களில் பலர் வேலைக்காக வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ கிளம்பப் போகிறீர்கள். அதனால், அப்படி வெளிநாடு போன பல்கேரியக் கால்பந்து வீரர் ஸ்டிலியான் பெட்ரோவைப் பற்றிப் பேச நினைத்தேன்.

1979இல் மொன்டானா நகரில் பிறந்தவர், நடுக்கள ஆட்டக்காரர். 1999இல், இருபது வயதில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள செல்டிக் அணி அவரை விலைக்கு வாங்கியது. ஆங்கிலம் பிடிபடவில்லை. ஊர் ஏக்கம் வாட்டியது. அப்போது அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. நண்பர் ஒருவரின் பர்கர் வண்டியில் போய் நின்றார்! பல லட்சம் பவுண்டு விலைபோன வீரர், வந்தவர்களுக்குப் பர்கர் எடுத்துக் கொடுத்தபடியே அவர்கள் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டார். ஆங்கிலம் படித்தவர்களையே திணறடிக்கும் கிளாஸ்கோ பேச்சு அது. கௌரவம் பார்த்திருந்தால் அவருக்கு அது வசப்பட்டிருக்காது.

2001இல் ஸ்காட்லாந்தின் சிறந்த இளம் வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் வெளிநாட்டவர் அவர்தான். செல்டிக்கோடு நான்கு லீக் பட்டங்கள் வென்றார். 2006இல் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். பின்னர் அதன் கேப்டன் ஆனார். பல்கேரியாவுக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினார்.

2012 மார்ச்சில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டம் முடிந்ததும் காய்ச்சல் கண்டது. பரிசோதனையில் கடுமையான ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அப்போது வயது முப்பத்திரண்டு.

அவருடைய சட்டை எண் 19. அதன்பின் வில்லா ஆடிய ஆட்டங்களில் பத்தொன்பதாவது நிமிடம் வந்ததும் ரசிகர்கள் எழுந்து நின்று ஒரு நிமிடம் கைதட்டினார்கள். எதிரணி ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த பருவத்திலும் அது தொடர்ந்தது. கோல் அடித்தவனுக்குக் கைதட்டுவது யாருக்கும் எளிது. களத்திலேயே இல்லாதவனுக்காக, மாதக்கணக்கில், மறக்காமல் தட்டினார்களே, அதைக் காசு கொடுத்து வாங்க முடியுமா? தங்களோடு கலந்து பழகிய மனிதனுக்குத்தான் ஜனங்கள் அப்படிச் செய்வார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நோய் தணிந்தது. 2013 மே மாதம் ஓய்வை அறிவித்தார். தன் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, ரத்தப் புற்றுநோய் கண்டவர்களுக்குத் துணை நின்றார். 2016இல், முப்பத்தேழு வயதில், வில்லாவோடு மீண்டும் பயிற்சியில் இறங்கிப் பார்த்தார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த முயற்சியை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன்.

அன்பு மாணவர்களே, நாளை எந்த ஊருக்குப் போனாலும் அலுவலகத்தோடும் அறையோடும் நின்றுவிடாதீர்கள். டீக்கடையில் நில்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள், அந்த ஊர்ப் பேச்சை முதல் மாதமே கற்கத் தொடங்குங்கள். உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.