கணக்குக்கு ஏன் பயம்?



டில்லியில் வளரும் சமூகங்கள் ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்று இருக்கின்றது. 1963-ல் ரஜனி கோத்தாரி என்பவர் ஏற்படுத்தியது. ஓட்டர்களை வீடுதேடிப் போய், என்ன ஜாதி, என்ன தொழில், யாருக்கு ஓட்டு, ஏன் என்று கேட்டுக் கணக்கெடுப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

இதனால் என்ன லாபம் என்பீர்கள். தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஓட்டின் அருமை தெரியாது என்று படித்த கூட்டத்தார் சொல்லி வந்தார்களல்லவா? ஓட்டுப்போடப் போவதில் அவர்கள் மேல்ஜாதியாருக்குப் பின்வாங்கியவர்களல்ல என்று 1990-களின் தேர்தல் கணக்குகள் காட்டிவிட்டன.

இன்னொன்று கேளுங்கள். 2006-ல் அந்நிலையத்து யோகேந்திர யாதவும் வேறு இருவரும், டில்லியில் 37 பத்திரிகை, டெலிவிஷன் ஸ்தாபனங்களின் முக்கியஸ்தர்கள் 315 பேரின் ஜாதியை எண்ணினார்கள். ஜனத்தொகையில் 100-க்கு 8 பேரான மேல்ஜாதி இந்து ஆண்களிடம் 100-க்கு 71 ஸ்தானங்கள்! தாழ்த்தப்பட்டவரிலும் ஆதிவாசிகளிலும் ஒருவர்கூட இல்லை. ஊருக்கெல்லாம் நியாயம் எழுதுகிற வீட்டின் லட்சணம் இது!

வகுப்புவாரி உரிமை கேட்டபோது நம்மவர்கள் போட்டதும் இதே கணக்குத்தானே? அதற்கு வகுப்புத் துவேஷம் என்று பெயர் வைத்தார்கள்.

ஆகவே தோழர்களே! எந்த ஆபீசிலும் எந்த வகுப்பார் எத்தனை பேர் என்று கேளுங்கள். நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள்; நீங்களே எண்ணிப் பாருங்கள். யோக்கியனுக்குக் கணக்குக் காட்டப் பயமேது?