தடைப்பட்ட பயணங்களும் நினைவில் நிற்கும் வண்டிகளும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இடையூறாக வந்து நன்மையாக முடிந்தவற்றைப் பற்றிப் பேசுவது எளிது. "எல்லாம் நன்மைக்கே" என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் துன்பம் தானாகவே நன்மையாக மாறிவிடும் என்பது உண்மையன்று. அதை மாற்றியவர்கள் யார், எவ்வாறு மாற்றினார்கள் என்று ஆராய்வதே கல்விச் சங்கத்தின் மேடைக்கு ஏற்றதாகும். அந்த ஆராய்ச்சிக்கு நாம் வண்டிகளைத் துணையாகக் கொள்வோம்.

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகின்ற இந்த இருக்கன்குடிக்கு, ஆடிக் கடைசி வெள்ளியன்று மக்கள் வெள்ளமெனத் திரள்வதை நாம் அறிவோம். நடந்து வந்தவர்கள் உண்டு. கூண்டு வண்டி கட்டி வந்தவர்கள் உண்டு. பின்னர் அம்பாசிடர் காரை வாடகைக்குப் பிடித்து, ஐவர் அமரும் இடத்தில் பத்துப் பேராக நெருங்கி வந்தவர்களும் உண்டு. ஆங்கில நாட்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வடிவில், கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் உருவான அந்தக் கார் 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. நம் சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரையும் முதியவர்கள் மறக்கவில்லை. முன்மூடி முழுவதும் முன்பக்கமாகத் திறந்துகொள்ளும் அக்காரைக் கண்டால், சிறுவர்கள் கூடி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

ஆயினும் பழைய வண்டிகளை அன்போடு நினைக்கும்போது, நாம் மற்றொரு வினாவையும் எழுப்பக் கடமைப்பட்டுள்ளோம். அந்த வண்டிகளில் ஏற நம் முன்னோர்க்கு இடம் இருந்ததா?

1901ஆம் ஆண்டில் சிறுவர் அம்பேத்கர், கோரேகாவில் பணிபுரிந்த தந்தையாரைக் காண்பதற்காகத் தமையனாரோடும் மற்றொரு சிறுவனோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார். அவர்களுடைய சாதியை அறிந்ததும் மாட்டு வண்டிக்காரர் எவரும் ஏற்றிச் செல்ல முன்வரவில்லை. இரட்டிப்பு வாடகை கொடுத்து, வண்டியையும் தாங்களே ஓட்டிச் செல்வது என்ற நிபந்தனையின் மேல் ஒரு வண்டி கிடைத்தது. கையில் உணவு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் அன்றிரவைப் பட்டினியாகக் கழித்தனர். அதன்பின் 28 ஆண்டுகள் கழிந்தன. மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் பட்டங்கள் பெற்று, அரசாங்கக் குழுவின் உறுப்பினராக 1929இல் சாலிஸ்காவ் ஊருக்கு அவர் சென்றபோதும், குதிரை வண்டிக்காரர் எவரும் அவரை ஏற்றி ஓட்ட இசையவில்லை. ஓட்டிப் பழக்கமில்லாத நம்மவர் ஒருவர் ஓட்ட, பாலத்தருகே வண்டியிலிருந்து எறியப்பட்டு, அண்ணலின் கால் முறிந்தது. பட்டம் பெற்றாலும் வண்டி கிடைக்காத காலம் அது.

இக்கொடுமை வடக்கே மட்டும் நிகழ்ந்ததன்று. இந்தச் சாத்தூர் வட்டாரம் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்கு ஓடிய தனியார் பேருந்துகளில் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தனர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாவட்டக் கழகத் தலைவராக விளங்கிய ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார், அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். உபதேசத்தால் திறவாத கதவு, உரிமம் போய்விடும் என்றதும் திறந்தது! இன்று நாம் அமர்ந்து செல்லும் ஒவ்வொரு இருக்கைக்கும் பின்னே இத்தகைய ஆணைகளும் போராட்டங்களும் உள்ளன என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது.

ஆணைக்காகக் காத்திராதவர்களும் இருந்தார்கள். திருவிதாங்கூரின் வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி, 1893இல் ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கினார். வெள்ளாடை உடுத்தி, தலைப்பாகை அணிந்து, நம்மவர் நடக்கவும் கூடாதென்று விலக்கிய சாலையில் அதை ஓட்டிச் சென்றார். நம் வரலாற்றில் அன்போடு நினைக்கத்தக்க வண்டி எதுவென்று கேட்டால், அந்த வில்வண்டியையே முதலில் சொல்வோம். அவர் பிள்ளைகளுக்கென எழுப்பிய பள்ளி தீக்கிரையாயிற்று, மீண்டும் எழுப்பினார். "எம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையேல் உங்கள் வயலில் எமக்கு வேலையில்லை" என்னும் நிலை எடுத்து, வேளாண் தொழிலாளரை வேலைநிறுத்தத்தில் ஈடுபடுத்தினார். எழுதப் படிக்கக் கல்லாத அப்பெருமகன், தம் சமூகத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் காண விழைந்தார். எரிந்த பள்ளி தானாக நன்மை தரவில்லை. அதை மறுபடி கட்டிய கைகளே நன்மை தந்தன.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வும் இதையே உணர்த்துகின்றது. உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் இலண்டன் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்பினார். பரோடா அரசுப் பணிக்குச் சென்றார். தங்கியிருந்த விடுதியினின்றும் சாதியின் பெயரால் வெளியேற்றப்பட்டார். வேறொருவராயின் அத்துடன் மனமுடைந்திருப்பர். அவரோ பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேமித்தார். கோல்ஹாபூர் மன்னர் சாகு மகாராசரும், நண்பர் நவல் பதேனாவும் கைகொடுத்தனர். 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923இல் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார்.

பின்னும் ஓர் இடர் வந்தது. 1946இல் வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்குத் துணைநின்றவர் சோகேந்திரநாத் மண்டல். நாட்டுப் பிரிவினையால் அவ்விடம் பறிபோயிற்று. ஆயினும் 1947இல் பம்பாயிலிருந்து மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டார்; அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரும் ஆனார். அவருடைய தளராமை ஒரு பாதி. தக்க நேரத்தில் நீண்ட கைகள் மறுபாதி. இரண்டும் கூடிய இடத்திலேதான் இடையூறு படிக்கட்டாயிற்று.

நம் மாவட்டத்திலும் சான்று உண்டு. விருதுநகரில் பிறந்த காமராசர் இளமையிலேயே பள்ளிப்படிப்பை இழந்தவர். 1957இலும் 1962இலும் இந்தச் சாத்தூர்த் தொகுதியே அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பியது. தாம் இழந்ததைப் பிறர் இழக்கலாகாது என்று ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். பள்ளியில் மதிய உணவும் தந்தார். தொழில் உலகிலும் இதுவே விதி. 1971இல் தொடங்கிய மாருதி நிறுவனம் மக்களுக்குக் கார் தர இயலாமல் முடங்கியது. பின்னர் அரசு அதை ஏற்று, சப்பானியரின் சுசுகி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, 1983இல் மாருதி 800 காரை வெளியிட்டது. நடுத்தரக் குடும்பங்கள் பல, முதன்முதலாகச் சொந்தமாக வாங்கிய கார் அதுவே.

இனி, அன்போடு நினைக்க இயலாத ஒரு வண்டியையும் சொல்லியாக வேண்டும். வானம் பார்த்த இந்தக் கரிசல் மண்ணின் வறட்சியே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வாய்ப்பாயிற்று என்று பெருமையாகச் சொல்வார்கள். அது மெய்தான். ஆனால் விடியுமுன் ஊர்தோறும் வந்து, தூக்கம் கலையாத சிறுவர் சிறுமியரைத் தீப்பெட்டி ஆலைக்கு ஏற்றிச் சென்ற வண்டிகளையும் இந்த மண் கண்டது. அவர்களுள் எத்தனை பேர் ஆசிரியராகவும் மருத்துவராகவும் ஆகியிருக்கக் கூடும்! கை நீளாத இடத்தில் இடையூறு நன்மையாவதில்லை, இடையூறாகவே நிலைத்துவிடுகின்றது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் வந்தபின் நிலைமை பெரிதும் மாறியுள்ளது. எனினும் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ தவறிய பிள்ளைக்கு முதலில் திறக்கும் கதவு, இன்றும் பட்டாசு ஆலையின் கதவாகவே இருக்கின்றது.

ஆகவே, வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு முடிவு வந்த நாளில், வென்ற பிள்ளைக்கு மாலையிட ஊரே வரும். தவறிய பிள்ளையின் வீட்டுக்கு நாம் செல்வோம். துணைத் தேர்வுக்கு உடனே விண்ணப்பிக்கச் செய்து, கட்டணம் கட்டி, மாலை வேளையில் பாடம் சொல்லிக் கொடுப்போம். ஆலை வண்டி அவன் வாசலுக்கு வருமுன் நம் கை அவனை எட்ட வேண்டும்.

இளைஞர்களே! ஒரு தேர்வில் தவறியதை ஊழென்று எண்ணி ஒடுங்காதீர்கள். அண்ணலும் படிப்பை நடுவில் விட்டுத் திரும்பியவரே. திரும்பிச் சென்று முடித்தவரும் அவரே. வண்டி கவிழ்ந்தால் எழுந்து நிமிர்த்துங்கள். தனியே முடியாவிடில் எம்மை அழையுங்கள். நிமிர்த்துவதற்காகவே இச்சங்கம் இருக்கின்றது.