ஓயாத எண்ணமும் ஒரு மெல்லிய கம்பியும்

(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கை சுத்தமாயிற்று என்று கண் சொல்கிறது. உள்ளமோ நம்ப மறுக்கிறது. தோல் வெடித்தாலும் கழுவுவதை நிறுத்த முடிவதில்லை. இதையே மருத்துவர்கள் ஓ.சி.டி. என்றும், எண்ணச் சுழற்சி நோய் என்றும் அழைக்கிறார்கள். நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேர் வாழ்நாளில் எப்போதாவது இதற்கு ஆளாகிறார்கள்.

விசுவாசிகளிடத்தில் இந்த நோய் வேறொரு வேடத்திலும் வருவதுண்டு. ஜெபிக்க முழங்கால்படியிட்டதும் தூஷணமான ஓர் எண்ணம் பாய்கிறது. மன்னிப்புக் கேட்கிறார்கள். திருப்தியில்லை, மறுபடியும் கேட்கிறார்கள். இதை "விசுவாசக் குறைவு" என்று நாம் சொல்லிவிட்டால் அவர்கள் வாய்திறக்கவே மாட்டார்கள். அவர்கள் அந்த எண்ணத்தை விரும்பி வரவழைக்கவில்லை, அருவருக்கிறார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. ஒன்று, மாத்திரைகள், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். மற்றொன்று, பயப்படும் காரியத்தை நேருக்கு நேர் சந்தித்து, கழுவாமலும் சரிபார்க்காமலும் இருக்கப் பழக்கும் பயிற்சி. பலர் இவற்றால் தேறுகிறார்கள். ஆனால் எல்லா மருந்தும் பயிற்சியும் முயன்று, பல ஆண்டுகள் கடந்தும் விடுதலை காணாத சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக வந்ததே மூளையின் ஆழத்தில் மின்தூண்டல் அளிக்கும் சிகிச்சை.

1987-ல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் டாக்டர் பெனாபிட் நடுக்க நோய்க்கு இந்த முறையைக் கையாண்டார். 1999-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் டாக்டர் நட்டின் குழுவினர் எண்ணச் சுழற்சி நோயாளிகளுக்கு இதைச் செய்து அறிவித்தார்கள். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான தடிமனுள்ள கம்பியை ஆழத்தில் வைக்கிறார்கள். தோலுக்கடியில் ஓடும் ஒயர் அதை மார்பில் பதித்த பாட்டரிக் கருவியோடு இணைக்கிறது. சுற்றிச் சுற்றி வரும் மூளைப் பாதையை அந்த மின்சாரம் மாற்றி அமைக்கிறது. 2009-ல் அமெரிக்க அரசு இதற்கு, அரிய நோயாளிகளுக்கான விசேஷ அனுமதி அளித்தது.

பலன் எப்படி? பிரான்ஸில் நடத்தப்பட்டு 2008-ல் வெளியான ஆய்வில், 16 பேருக்கு மூன்று மாதம் மின்சாரம் செலுத்தியும், மூன்று மாதம் செலுத்தாமலும் பார்த்தார்கள். எது எப்போது என்று நோயாளிக்குத் தெரியாது. 40-க்குக் கணக்கிடும் நோயின் அளவு, செலுத்தாதபோது சராசரி 28; செலுத்தியபோது 19. ஆனால் அந்த ஆய்வில் ஒருவருக்கு மூளையில் இரத்தக்கசிவும், இருவருக்குக் கிருமித் தொற்றும் உண்டாயின. ஆகையால் இது முழுச் சுகமுமல்ல, எளிய வழியுமல்ல.

மூளையின் நரம்புகளை வெட்டிய லொபாட்டமிக்கு 1949-ல் நோபல் பரிசே கிடைத்தது. அதனால் ஆயிரக்கணக்கானோர் சீரழிந்ததும் சரித்திரம். வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது. இந்தக் கருவியையோ நிறுத்தலாம். என்றாலும் நோயாளி தாமே புரிந்து சம்மதிப்பது அவசியம். இந்தியாவில் மனநோய்க்காக மூளையில் அறுவை செய்ய, நோயாளியின் சம்மதத்தோடு மனநல வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்று 2017-ம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது.

அன்பானவர்களே, இந்தக் கம்பி தேவைப்படுவோர் மிகச் சிலரே. முதல் மாத்திரையும் முதல் பயிற்சியும் கிடைக்காமல் வீட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களோ அநேகர். "சுத்தமாகத்தான் இருக்கிறது", "தேவன் மன்னித்துவிட்டார்" என்று நூறு முறை அன்பாய்ப் பதில் சொல்வதும் நோய்க்குத் தீனியாகிவிடும். நூற்றொன்றாம் முறை பதில் சொல்வதற்குப் பதிலாக, அவர்கள் கையைப் பிடித்து மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஜெபத்தையும் நிறுத்த வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். இதுவே நாங்கள் உங்களிடம் இன்று கேட்டுக்கொள்ளும் உதவி.