கிணற்றுச் சுவர் சொன்ன பாடம்

 

"ரிட்டயர்டு ஆகி என்னப்பா பண்றே?" என்று காலையிலிருந்து பத்துப் பேர் கேட்டுவிட்டீர்கள். பாலசமுத்திரத்தில், வீட்டுக்குப் பின்னால் மாமர நிழலில் பெரணி வளர்க்கிறேன். பூக்காத, காய்க்காத செடி எதுக்கு என்று சிரிக்காதீர்கள். அதில் ஒரு பாவக்கணக்கும் இருக்கிறது.

முன்பெல்லாம் கொடைக்கானல் போனால், சாலையோரப் பெரணியை வேரோடு பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வருவேன். ஒன்றுகூடத் தங்கவில்லை. 2,100 மீட்டர் உயரத்துக் குளிரில் வளர்ந்தது நம்ம ஊர் சித்திரையைத் தாங்குமா? மரநிழல் வெயிலைத் தடுக்கும். வறண்ட காற்றைத் தடுக்காதே!

ஒருநாள் எங்கள் பழைய கிணற்றை எட்டிப் பார்த்தேன். சுண்ணாம்புக் காரை இடுக்கில், யாரும் நடாத பெரணி தழைத்து நின்றது. பெயர் டெரிஸ் விட்டேட்டா. மண்ணிலுள்ள ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சி இலையில் சேர்க்கும் செடி இது என்று 2001-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். வீட்டிலேயே இருந்ததை விட்டுவிட்டு மலையில் தேடியிருக்கிறேன்!

இதையும் பிடுங்க வேண்டாம். இலையின் அடியில், ஓரமாகப் பழுப்புக் கோடு தெரியும். அந்த இலையைக் காகித உறையில் சில நாள் வைத்தால் தூள் உதிரும், அதுதான் ஸ்போர். செங்கல் துண்டைக் கொதிநீரில் போட்டெடுத்து, ஆறியதும் தூளைத் தூவி, அடியில் கொஞ்சம் தண்ணீருள்ள கண்ணாடி பாட்டிலில் மூடி நிழலில் வையுங்கள். சில வாரங்களில் பச்சை படரும். பிறகு இதய வடிவத் துணுக்குகள் தெரியும். நாம் ரெக்கார்டு நோட்டில் வரைந்தோமே, அதே புரோதாலஸ்! ஈரம் படிந்திருந்தால்தான் அது கருவுறும், காயவிடக் கூடாது. சில மாதங்களில் குட்டி இலை வரும். விரலளவு வளர்ந்ததும் இலைமக்கு, மணல், பழைய காரைத்தூள் கலந்த தொட்டிக்கு மாற்றலாம். மண் ஈரமாக இருக்கணும், தண்ணீர் தேங்கக் கூடாது.

மாணவர்களே, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரிப் பேராசிரியர் அருட்தந்தை வி. எஸ். மாணிக்கம், பழனி மலைப் பெரணிகளுக்கென்றே எழுதிய நூல் 1986-ல் வந்தது. அதைத் தேடிப் படியுங்கள். மலைக்குப் போனால் பார்த்து, பெயர் எழுதிக்கொண்டு, வெறுங்கையோடு இறங்குங்கள்.

அடுத்த சந்திப்புக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு தொட்டி தருகிறேன். எல்லாம் கிணற்றுச் சுவர் வாரிசுகள்!