திட்டம் எழுதியாயிற்று, பணம் எங்கே?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகக் கிடைக்கும் மழையைவிட அது அதிகம். குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை மீறியது, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்திருந்தது. இந்த மாதிரி மழையையும் இதற்கு நேர்மாறான கடும் வெயிலையும் எதிர்கொள்ளத் தமிழ்நாட்டில் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2050க்குள் கரிமச் சமநிலையை எட்டுவது என்ற இலக்கோடு சென்னை மாநகராட்சியின் காலநிலைச் செயல்திட்டம் 2023 ஜூனில் வெளியானது. 38 மாவட்டங்களிலும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் அமைக்கப்பட்டு, மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலராகப் பொறுப்பேற்றிருக்கிறார். ஆனால் இந்தத் திட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: இதற்கெல்லாம் பணம் எங்கே? அந்தக் கேள்விக்கு இன்றைய உரையில் விடை தேடுவோம். காலநிலைக்கென்று தனியாக ஒரு பெருநிதி வரும் என்று உள்ளாட்சிகள் காத்திருக்கக் கூடாது, ஏற்கெனவே வரும் அரசுப் பணத்தைக் கேட்டு வாங்கும் விதத்தில் திட்டத்தை எழுத வேண்டும் என்பதே என் வாதம்.

தனி நிதியே கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. 2015இல் ஒன்றிய அரசு தேசியக் காலநிலைத் தகவமைப்பு நிதியைத் தொடங்கி, அதை நடத்தும் பொறுப்பை நபார்டு வங்கியிடம் கொடுத்தது. 27 மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்குமாகச் சேர்த்து 30 பணிகளுக்கு ஏறத்தாழ 847 கோடி ரூபாய் ஒப்புதல் ஆனது. தமிழ்நாட்டுக்கு மன்னார் வளைகுடாவின் கடலோர வாழிடங்களைச் சீரமைக்கச் சுமார் 25 கோடி கிடைத்தது. நல்ல வேலைதான். ஆனாலும் ஒரு முழு நாட்டுக்குமான தொகை அந்த 847 கோடிதான் என்பதை எண்ணிப் பாருங்கள். 2022 நவம்பரில் அந்த நிதி, தொடர்ந்து நடக்கும் திட்டம் என்ற தகுதியையும் இழந்தது. காலநிலை என்ற பெயர்ப்பலகையோடு வரும் பணம் சிறியது, நிலையற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த ஒரு கதவை மட்டும் தட்டிக்கொண்டிருந்த மாவட்டத்துக்கு, கதவு மூடியதும் போக்கிடம் இல்லாமல் போகும்.

பெரும்பணம் வேறு பெயர்களில் வருகிறது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு, நாடு முழுவதும் ஊரக உள்ளாட்சிகளுக்கு மட்டும் 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் 60 சதவீதம் நிபந்தனை மானியம். அந்த அறுபதில் ஒரு பாதி சுகாதாரத்துக்கு, மறுபாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கு. மழைநீரைச் சேமிப்பதும் கழிவுநீரைத் திரும்பப் பயன்படுத்துவதும் வறட்சியைத் தாங்கும் வேலை அல்லாமல் வேறென்ன? நகரங்களைப் பாருங்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கென 38,196 கோடியை அதே குழு தனியே வைத்தது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகியவை அந்த வரிசையில் வருகின்றன. அந்தத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காற்றின் தரத்துக்கு, மீதி நீருக்கும் கழிவு மேலாண்மைக்கும். இந்த ஆணைகளில் காலநிலை என்ற சொல்லைத் தேடி ஏமாந்து திரும்புகிறவர், கண்முன் இருக்கும் பணத்தைத் தவறவிடுகிறார்.

பேரிடர் நிதியும் இப்படித்தான். வெள்ளம் வடிந்த பிறகு கொடுக்கும் நிவாரணம் எல்லோருக்கும் தெரியும். வெள்ளம் வருமுன் செய்ய வேண்டிய வேலைக்கும் நிதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலேயே தணிப்பு நிதி என்று ஒன்று சொல்லப்பட்டிருந்தது. அது பல ஆண்டுகள் ஏட்டளவிலேயே கிடந்தது. 15ஆவது நிதிக்குழுதான் மாநிலப் பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்புக்கென்று பிரித்து வைத்தது. ஐந்தாண்டில் எல்லா மாநிலங்களுக்குமாக அது 32,031 கோடி ரூபாய். இதற்கு மேல், நகர வெள்ளத்தைக் குறைக்க ஏழு பெருநகரங்களுக்கு 2,500 கோடியும் பரிந்துரைக்கப்பட்டது. அதில் சென்னையின் பங்கு 500 கோடி. அந்தப் பரிந்துரை 2021 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. சென்னைக்கான 561 கோடி ரூபாய்ப் பணிக்கு, ஒன்றிய அரசின் 500 கோடி உதவியோடு, ஒப்புதல் கிடைத்தது 2023 டிசம்பரில். நாட்டிலேயே இந்த வகையில் ஒப்புதல் பெற்ற முதல் பணி அதுதான். பரிந்துரைக்கும் ஒப்புதலுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று ஆண்டு கடந்திருக்கிறது. ஒதுக்கீடு இருந்தால் மட்டும் பணம் நகராது. கணக்கில் பிசகாத விரிவான திட்ட அறிக்கை கையில் இருந்து, அது ஒப்புதலும் பெற்றால்தான் நகரும்.

சிறிய ஊர்களால் இது முடியுமா என்ற ஐயத்துக்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு பதில்கள் உண்டு. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஓடும் நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலியைக் கொண்டு, சுமார் இருபதாயிரம் பெண்கள் நீர்ச்செறிவூட்டும் கிணறுகளையும் கல் தடுப்புகளையும் அமைத்தார்கள். நிலத்தடி நீர் ஏறியது, ஆற்றில் மறுபடி நீர் வந்தது. வேலை கொடுப்பதற்காக வந்த பணம், நீர்வரைபடத்தைப் பார்த்து இடம் தேர்ந்ததால் ஆற்றை மீட்டது. இரண்டாவது பதில் கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி. 2006இல் அந்த ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஒரு கோடியே 55 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. சொந்தச் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். ஊராட்சியின் மின்தேவை போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்ற வருமானத்தில் கடனும் அடைந்தது. மானியம் ஒரு வழி என்றால், வருமானம் தரும் வேலைக்குக் கடன் இன்னொரு வழி. இந்தூர் மாநகராட்சி 2023 பிப்ரவரியில் 244 கோடி ரூபாய்க்குப் பசுமைக் கடன்பத்திரம் வெளியிட்டு, நர்மதை நீரை நகருக்கு ஏற்றும் மின்செலவைக் குறைக்கச் சூரிய மின்நிலையம் அமைக்க முனைந்ததும் இதே கணக்கில்தான்.

அப்படியானால் திட்டத்தை எப்படி எழுத வேண்டும்? துறை துறையாக நோக்கங்களை அடுக்குவதோடு நிறுத்தாமல், வேலை வேலையாகப் பிரித்து, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே எந்தக் கணக்கில் பணம், யார் கையெழுத்து, எந்த மாதத்துக்குள் விண்ணப்பம் என்று எழுத வேண்டும். ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். நாற்பது எக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு என்றால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறையின் பொறுப்பு. தூர்வாருவது ஒரு கணக்கில் வரும். கலுங்கையும் மதகையும் கட்டுவது இன்னொன்றில், ஊர்க் கழிவுநீர் ஏரிக்குள் வராமல் தடுப்பது சுகாதார மானியத்தில், கரையில் மரம் நடுவது வனத்துறைக் கணக்கில் வரும். ஏரியைக் காப்போம் என்று ஒரே வரியில் எழுதிய திட்டத்துக்கு இந்த நான்கு கணக்கும் திறக்காது. நான்கு மதிப்பீடுகளாகப் பிரித்து எழுதினால் நான்கும் திறக்கும். நூறு நாள் வேலையைத் தந்த வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் வந்த புதிய சட்டம், நீர்ப் பாதுகாப்பையும் தீவிர வானிலைப் பாதிப்பைக் குறைக்கும் பணிகளையும் தன் நான்கு வேலைப் பிரிவுகளில் சேர்த்திருக்கிறது. கூடவே செலவில் 40 சதவீதத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே மாநிலம் தன் பங்கை ஒதுக்காவிட்டால் அந்தப் பிரிவு காகிதமாகவே நின்றுவிடும் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு: வழக்கமாகச் செய்யும் சாலையையும் சாக்கடையையும் காலநிலைப் பணி என்று பெயர் மாற்றிக் கணக்குக் காட்டத்தானே இது உதவும்? அந்த அபாயம் உண்மையானது. அதைத் தடுக்க ஒரு சோதனை இருக்கிறது. மாறிவரும் மழையையும் வெப்பத்தையும் கணக்கில் எடுத்ததால் வேலையின் வடிவம் மாறியதா என்று கேளுங்கள். முப்பது ஆண்டுக்கு முந்தைய மழை அளவை வைத்தே வடிகாலின் அகலத்தைத் தீர்மானித்திருந்தால் அது பழைய வேலைதான், பெயர் எதுவாக இருந்தாலும். அண்மைக்கால உச்ச மழையை வைத்துக் கண்மாய்க் கலுங்கை அகலப்படுத்தியிருந்தால் அது காலநிலைப் பணி. இந்த ஒரு வரி விளக்கத்தை ஒவ்வொரு மதிப்பீட்டோடும் கட்டாயமாக இணைக்கச் சொன்னால், பெயர் மாற்றும் வேலை பெருமளவு நின்றுவிடும்.

இரண்டாவது மறுப்பு அரசியல் சார்ந்தது. இருக்கும் பணத்திலேயே சமாளியுங்கள் என்று சொன்னால், கூடுதல் நிதி தர வேண்டிய ஒன்றிய, மாநில அரசுகள் கை கழுவிவிடாதா? நியாயமான கேள்வி. வழக்கமான மானியத்தைக் கொண்டு கடலரிப்பைத் தடுத்துவிட முடியாது. பெரிய ஆற்றின் கரையை உயர்த்துவதும் ஊராட்சிப் பணத்தில் நடக்கிற காரியம் இல்லை. கூடுதல் நிதியைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் கேட்பவரின் கையில் எந்தக் கணக்கில் எவ்வளவு எடுத்தோம், எந்த வேலைக்கு எவ்வளவு குறைகிறது என்ற பட்டியல் இருந்தால், அந்தக் கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது கடினம். 16ஆவது நிதிக்குழுவின் காலம் 2026 முதலானது. அந்தக் காலத்துப் பணத்தைக் கேட்கும்போதும் இந்தப் பட்டியல் இல்லாத மாவட்டம் வெறும் முறையீட்டோடுதான் நிற்கும்.

மூன்றாவது மறுப்பு, உள்ளாட்சிகளிடம் அதற்கான ஆளும் அதிகாரமும் இல்லை என்பது. இதுதான் மூன்றிலும் கனமானது. எழுத்தராகவும் கணக்கராகவும் ஒருவரே வேலை பார்க்கும் ஊராட்சியால் தணிப்பு நிதிக்குத் திட்ட அறிக்கை தயாரிக்க முடியாது. வனப்பணியோடு காலநிலைப் பொறுப்பையும் சுமக்கும் ஓர் அலுவலராலும் முடியாது. ஆகவே மாவட்டக் காலநிலை இயக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு பொறியாளர், நிதி விதிகள் தெரிந்த ஒருவர், நீர்வரைபடம் தயாரிக்கத் தெரிந்த ஒருவர் என்று மூவரை முழுநேரமாக அமர்த்துவதே மாநில அரசு செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு. அந்த மூவரின் சம்பளம், அவர்கள் கொண்டுவரும் பணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. அதிகாரத்தைப் பொறுத்தவரை, அரசமைப்பின் 11ஆவது அட்டவணை சிறுபாசனம், நீர்ப்பிடிப்பு மேம்பாடு, சமூகக் காடு, மரபுசாரா ஆற்றல் உள்ளிட்ட 29 பொருள்களை ஊராட்சிகளுக்கு உரியவையாகச் சொல்கிறது. அதோடு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும் என்பது ஒன்றிய மானியத்துக்கான நிபந்தனை. 2016இல் நடக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பருக்குத் தள்ளிப்போன காலத்தில் தமிழ்நாட்டுக்கான மானியம் நிறுத்திவைக்கப்பட்டதை மறக்க முடியாது. உரிய காலத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடத்துவதும் காலநிலைக்கு நிதி திரட்டும் வேலைதான்.

நேயர்களே, தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு வகுக்கப்பட்ட ஒன்பது கருப்பொருள்களில் நீர் நிறைந்த ஊரும் தூய்மையான பசுமை ஊரும் இருக்கின்றன. ஆகவே அடுத்த கிராம சபையிலோ வார்டுக் கூட்டத்திலோ மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் ஊருக்கு வந்த நிபந்தனை மானியத்தில் மழைநீர்ச் சேகரிப்புக்கு எவ்வளவு செலவானது? நம் ஏரி, குளம், வடிகால் வேலைகளில் எவற்றுக்கு ஒப்புதலுக்குத் தயாரான மதிப்பீடு இருக்கிறது? அவற்றில் எது தணிப்பு நிதிக்கு விண்ணப்பிக்கப்பட்டிருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் இல்லை என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். மாவட்டத்தின் காலநிலைத் திட்டம் ஊரின் கணக்குப் புத்தகத்துக்குள் வர அதுவே வழி.