நினைவு மறைந்தால் 'நான்' மறையுமோ?



இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள், 'நான் என்பது யாது?' என்பதாகும். இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. மறதிநோயுற்ற முதியவர் ஒருவர், பெற்ற மகனையே நோக்கி, 'தாங்கள் யார்?' என்று வினவுகின்றார். 'என்னை அறியாத இவர் இன்னமும் என் தந்தைதாமா?' என்று மகன் கலங்குகின்றான். இத்தகைய வீடுகள் இன்று பல. அக்கலக்கத்திற்கு அறிஞர் கூறும் விடை யாது எனக் காண்போம்.

இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜான் லாக் என்பார், மனித அறிவினைப் பற்றித் தாம் இயற்றிய நூலின் இரண்டாம் பதிப்பில் (1694) இதனை விரிவாக ஆராய்ந்தார். ஓர் அரசகுமாரனின் உணர்வும் நினைவும் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவனின் உடலிற் புகுமாயின், அவ்வுடலில் இருப்பவன் யாவன் என்று வினவி, அரசகுமாரனே என்று விடை கண்டார். முன் செய்ததைத் தான் செய்ததாக உணரும் உணர்வு எதுவரை செல்லுமோ, அதுவரையே 'நான்' செல்லும் என்பது அவர் கொள்கை.

ஸ்காட்லாந்து அறிஞர் தாமஸ் ரீட் 1785ஆம் ஆண்டில் இதனை மறுத்தார். சிறுவன் ஒருவன் பழத்தோட்டத்தில் திருடி அடிபடுகின்றான். வளர்ந்து வீரனாகிப் பகைவர் கொடியைக் கைப்பற்றுகின்றான். முதுமையில் தளபதியாகின்றான். வீரனுக்கு அடிபட்டது நினைவிருந்தது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கின்றது, அடி நினைவில்லை. நினைவே 'நான்' எனின், சிறுவனே வீரன், வீரனே தளபதி. ஆயினும் தளபதி அச்சிறுவன் அல்லன் என்றாகும். இது பொருந்துமோ? தாய்ப்பால் உண்டதை நம்முள் எவரும் நினைவிற் கொண்டிலர். அதனால் உண்டவர் நாமல்லர் என்போமோ?

இவ்வழக்கிற்கு மெய்யான சான்று ஒன்று பின்னாளில் அமெரிக்காவில் கிடைத்தது. ஹென்றி மோலைசன் என்பார் 1926இல் பிறந்தவர். கடும் வலிப்புநோயைத் தணிக்கும் பொருட்டு, 1953இல், அவருடைய 27ஆம் அகவையில், மூளையின் இருபுறத்தும் உட்கூறு ஒன்றனை மருத்துவர் அகற்றினர். வலிப்புக் குறைந்தது, புதியதை நினைவில் இருத்தும் ஆற்றலோ போயிற்று. பிரெண்டா மில்னர் என்னும் உளநூல் வல்ல அம்மையார் பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்தார். ஆயினும் சந்திக்குந்தோறும் அவர்க்கு அம்மையார் புதியவரே. கண்ணாடியில் பார்த்து விண்மீன் வடிவம் வரையப் பயிற்றியபோது, முன்பு பயின்ற நினைவு சிறிதும் இன்றியே அவர் கை நாளுக்குநாள் தேர்ச்சி பெற்றது. தம் பெயரையும் பெற்றோரையும் இளமையையும் அவர் அறிந்திருந்தார். அவருடைய இனிய இயல்பையும் நகைச்சுவையையும் பழகியோர் பாராட்டினர். 2008இல், 82ஆம் அகவையில் அவர் மறைந்தார். நினைவு சேராமற்போயினும் ஹென்றி ஹென்றியாகவே வாழ்ந்தார்.

அங்ஙனமாயின் 'நான்' எங்கே உள்ளது? அமெரிக்க உளநூலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட பெருநூலில், நாம் 'நான்' என அறிவதனை மூன்று கூறாக வகுத்தார். உடலும் உடைமையும் ஒன்று. பிறர் நம்மை அறிந்து ஏற்கும் நிலை ஒன்று. அகத்தே உள்ள அறிவும் இயல்பும் ஒன்று. நம் இலக்கணம் 'எனது கை' என்பதைத் தற்கிழமை என்றும், 'எனது வீடு' என்பதைப் பிறிதின்கிழமை என்றும் பிரிக்கும். ஜேம்ஸோ, 'நான்' என்பதற்கும் 'எனது' என்பதற்கும் இடையே எல்லை வகுத்தல் அரிது என்றார். மனைவி மக்கள் மறைந்தால் நம்மில் ஒரு பகுதியே மறைந்ததாக உணர்கின்றோம் அல்லவா? 'எனது உடல்' என்னும் வழக்கைக் கொண்டே, உடலின் வேறாய் உயிர் உண்டு எனச் சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பா நிறுவும். ஜேம்ஸ் உயிரைப் பற்றிய ஆராய்ச்சியை உளநூலின் எல்லைக்குப் புறத்தே வைத்தார்.

அண்மைக் காலத்து ஆய்வொன்றும் கருதத்தக்கது. நினா ஸ்ட்ரோமிங்கர், ஷான் நிக்கல்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், மூளை, நரம்பு நோயுற்றோரின் குடும்பத்தாரை வினவி, 2015இல் முடிவினை வெளியிட்டனர். 'இவர் முன்பிருந்தவர் அல்லர்' என்னும் எண்ணத்தை உறவினர்க்கு மிகுதியும் தந்தது நினைவிழப்பு அன்று. அன்பு, நேர்மை, இரக்கம் முதலிய பண்புகளின் மாற்றமே என்று கண்டனர். தமிழிலக்கணம் 'நான்' நிற்கும் இடத்திற்குத் தன்மை என்று பெயரிட்டது. இயல்பு, குணம் என்பதும் அச்சொல்லின் பொருளே. நம் உறவினரை நாம் இனங்கண்டுகொள்வதும் பெரிதும் அவர்தம் தன்மையாலேயாம்.

சில நோய்கள் அப்பண்பினையும் மாற்றிவிடும். மென்மொழி பேசியவர் வன்மொழி பேசுவார். அது நோயின் செயல். அவர் குற்றம் அன்று. மருத்துவரை நாடுதலும் பொறுத்தலுமே நம் கடன்.

ஆதலின் அன்பர்களே, உங்கள் இல்லத்தில் அத்தகைய முதியவர் இருப்பாராயின், 'அவருக்கு ஒன்றும் தெரியாது' என்று அவர் காதுபடக் கூறாதீர்கள். முன்னிலையில் இருப்பவரைப் படர்க்கையாக்கிப் பேசுதல் தகாது. 'அப்பா' என்றும் 'அம்மா' என்றும் அருகமர்ந்து அழையுங்கள். பிறர் அறிந்து ஏற்கும் நிலையும் ஒருவரின் 'நான்' ஆகும் என்றார் ஜேம்ஸ். அந்தக் கூறு அவர் மறதியால் அழிவதன்று. அதனைக் காக்கும் பொறுப்பு நம்மிடம் உள்ளது. அவர் நம்மை மறந்தாலும், அவரை நாம் மறவாதிருப்போம்.

அதற்குரிய பொறுமையை எல்லாம்வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!